அந்த எஃப்.எம். தமிழுக்கு மாறுகிறதா? பெங்களூருவில் இரவில் ரேடியோ கேட்பவர்கள் சொல்லுங்கள்

மார்ச் 3, ஒரு வாசகரின் கேள்வி

மூன்று ராத்திரியாக அந்தக் கன்னட ஸ்டேஷனில் பதினொரு மணிக்கு மேல் தமிழ்ப் பாட்டு மட்டும்தான் ஓடுகிறது. எல்லாம் எண்பதுகளின் பாட்டு. நடுவில் பேச்சு இல்லை, விளம்பரம் இல்லை. உகாதியிலிருந்து முழுநேரத் தமிழ் ஸ்டேஷன் ஆகப் போகிறது என்று ஏர்போர்ட் பார்க்கிங்கில் டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் ஒயிட்ஃபீல்டில் கேப் ஓட்டுகிறேன், ஊர் அரூர் பக்கம். உண்மை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 11.50

பாட்டு ஓடுவது உண்மைதான், இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷன் பெயரை மட்டும் யாரும் இங்கே போட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். வதந்தி பரவினால் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு எது என்று தெரியும், அது போதும்.

நான் ஜே.சி. ரோட்டில் கார்களுக்கு ரேடியோ செட் மாட்டுகிறவன், இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. பழைய செட்டைக் கழற்றுவதற்கு முன் அதை ஆன் பண்ணி, ஒன்று முதல் ஆறு வரை பட்டனை அமுக்கி, எந்தெந்த ஸ்டேஷன் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வேன். புதுச் செட்டில் அதே வரிசையில் போட்டுக் கொடுத்தால் வண்டிக்காரர் முகமே மாறும். இப்படிக் குறித்துக் குறித்து, இந்த ஊரில் யார் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன், அந்த ஸ்டேஷன் தமிழுக்கு மாறாது. ஆசைப்படாதீர்கள் தம்பி. ஹிந்திக்கு மாறலாம், பழைய பாட்டுக்கு மாறலாம். தமிழுக்கு விளம்பரம் கொடுக்க இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம்.

நேற்று ராத்திரி ஸ்டுடியோ நம்பருக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து தானாகவே நின்றுவிட்டது. நம்மைப் போல நிறைய பேர் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

மார்ச் 5, காலை 9.15

ஒரு விஷயம். இன்று காலை முதல் வண்டியில் அந்த ஸ்டேஷனை வைத்தபோது செட்டின் திரையில் எண் மட்டும்தான் வந்தது, பெயர் வரவில்லை. பாட்டோடு சேர்த்து ஸ்டேஷன் பெயரை எழுத்தாக அனுப்புவதற்கு ஆர்.டி.எஸ். என்று ஒரு ஏற்பாடு உண்டு, பெயருக்கு 8 எழுத்துதான் இடம். பெயரை மாற்றப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். நேற்று மாறாது என்றேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 5, இரவு 10.30

ஒருவர் கேட்டிருக்கிறார், ஒரு ஸ்டேஷன் ஒரே ராத்திரியில் பாஷையை மாற்ற முடியுமா என்று. தாராளமாக முடியும். இந்த ஊரில் அது நடந்தபடியேதான் இருக்கிறது.

2001 ஜூலை 3ஆம் தேதி ரேடியோ சிட்டி இங்கே ஆரம்பித்தபோது எனக்கு 22 வயது. இந்தியாவிலேயே முதல் தனியார் எஃப்.எம். அதுதான், சென்னைக்கும் மும்பைக்கும் முன்னால் நம் ஊருக்கு வந்தது. அப்போது ஹிந்தி, இங்கிலீஷ், கன்னடம் எல்லாம் கலந்து ஓடும். இன்றைக்கு அதே ஸ்டேஷன் கன்னடம். 93.5 இப்போது ரெட் எஃப்.எம்., முன்பு எஸ் எஃப்.எம். என்று இருந்தது, என் பழைய துண்டுச் சீட்டுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அரசு வானொலியின் ரெயின்போ 101.3கூட கன்னட காமனபில்லு ஆனது. காமனபில்லு என்றால் வானவில். ரெயின்போவை அப்படியே கன்னடத்தில் சொல்லிவிட்டார்கள், எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

டெல்லியில் 104.8ஐப் பாருங்கள். 2007இல் மியாவ் என்ற பெயரில் பெண்களுக்கான பேச்சு ஸ்டேஷனாக வந்தது. பிறகு ஓயே ஆனது, அப்புறம் இஷ்க் ஆனது. அலைவரிசை அதேதான், முகம்தான் மூன்று.

கன்னட ஸ்டேஷன்கள் பெருகியது பற்றி இங்கே இரண்டு பேர் வருத்தமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கர்நாடகத்தின் தலைநகரில் ரேடியோவைத் திருப்பினால் கன்னடம் கேட்க வேண்டும் என்று கன்னடக்காரர்கள் கேட்டது நியாயம். என் பிள்ளைகள் கன்னடப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார்கள். நான் கேட்பது சின்ன விஷயம்தான். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். மாவட்டத்தின் ஜனத்தொகை 96 லட்சம், அப்படியென்றால் பதினான்கு லட்சம் பேருக்குக் குறையாமல் இருக்கிறோம். தனியார் ஸ்டேஷன் எட்டு இருக்கிறது. எட்டில் ஒன்று வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, எட்டில் ஒன்றின் ஒரு மணி நேரம் போதும்.

மார்ச் 7

5ஆம் தேதி காலையில் போட்ட அந்த ஆர்.டி.எஸ். விஷயம் தப்பு, மன்னிக்கவும். அன்று நான் பார்த்த செட்டில் அந்த வசதியே அணைத்து வைக்கப்பட்டிருந்தது, மெனுவுக்குள் போய்ப் பார்க்காமல் எழுதிவிட்டேன். நேற்றும் இன்றும் நான்கு வண்டிகளில் பார்த்தேன், பெயர் பழையபடியே வருகிறது. இதை நம்பி டிரைவர் குரூப்பில் போட்டவர்கள் தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

மார்ச் 8, மாலை

"நியூஸ் ஸ்டேஷன் ஆகப் போகிறது" என்று புதிதாக ஒருவர் கிளப்பியிருக்கிறார். அது நடக்காது. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி போட அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். டிராஃபிக், மழை, ஸ்கோர், பரீட்சை அறிவிப்பு இவையெல்லாம் செய்தியில் சேராது, அதைச் சொல்லலாம். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நகரவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லலாம், ஏன் நகரவில்லை என்று ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் சிக்கல் வரும். அதனால் பேச்சு ஸ்டேஷன் என்றால் சினிமா, சமையல், காதல் என்றுதான் சுற்ற வேண்டியிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு, மதியம்

கடை லீவு. கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஸ்ரீராமபுரத்தில். அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டினார். வீட்டில் பிலிப்ஸ் வால்வு ரேடியோ ஒன்று, ஆன் பண்ணினால் சூடேறி சத்தம் வர அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் நான் அதன் பின்பக்க ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பாக ஒரு இழை மெல்ல எரியத் தொடங்கும், தூசி கருகும் வாசனை வரும், அப்புறம் இலங்கை வானொலி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே அப்பா அதைக் கேட்பார். சிற்றலையில் குரல் கிட்டே வரும், தூரமாகப் போகும், காற்றில் துணி ஆடுகிற மாதிரி. பெட்டியை அரை சாண் திருப்பி வைத்தால் சரியாகும் என்று அம்மா நம்பினார். சில சமயம் சரியாகவும் ஆகும்.

1991 டிசம்பர். காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த பிறகு ஊரில் கலவரம். எனக்கு 12 வயது. தெருக்கோடியில் ஒரு கடை எரிந்தது. அப்பா ரேடியோவை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் கடைசி வரைக்கும் குறைத்து, ரேடியோவின் துணி போட்ட முன்பலகையில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. எதிர் வீட்டு கன்னடக்கார அம்மா ஒரு ராத்திரி முழுக்க எங்களைத் தன் வீட்டில் வைத்திருந்தார், ரேடியோவைத் தவிர மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போனோம். அதை அப்பா துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, வண்டியின் கண்ணாடியை முழுக்க இறக்கி, அந்த ஸ்டேஷனில் தமிழ்ப் பாட்டு வரும் நேரத்துக்காகக் காத்திருந்து, வந்தவுடன் சத்தமாக வைத்தேன். ஜே.சி. ரோடு காலியாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன்.

மார்ச் 11, இரவு

அங்கே வேலை பார்க்கிறவரைப் பார்த்தேன். அவர் வண்டிக்கு ரிவர்ஸ் கேமரா மாட்ட வந்தார், நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். எழுதலாம் என்றும் சொன்னார், இவ்வளவு வரைக்கும்.

இரவு நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஸ்டுடியோவில் யாரும் கிடையாது. பாட்டுப் பட்டியலைக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. தனியார் எஃப்.எம்.களுக்கு மத்திய அரசு 2011இல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கைக்குப் பிறகு ஒரு நிறுவனம் தன்னுடைய ஸ்டேஷன்களுக்குள் ஒரே நிகழ்ச்சியைப் பல ஊருக்கு அனுப்பலாம். அதன்படி பல ஊர் இரவுப் பட்டியலையும் ஒரே இடத்திலிருந்து அனுப்பிப் பார்க்கிற சோதனை நடந்திருக்கிறது. இன்னொரு ஊரின் தமிழ் ஃபோல்டர் தவறுதலாக நம் ஊர் வரிசையில் ஏறிவிட்டது. ஏறியதைப் பல ராத்திரி யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க ஆளே இல்லை.

இவ்வளவுதான் அந்த ரகசியம். முழுநேரத் தமிழ் கிடையாது, தமிழுக்கு யாரும் திட்டமும் போடவில்லை.

4ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். போன் மணி அடித்து நின்றதை, நிறைய பேர் கூப்பிடுகிறார்கள் போல என்று எழுதியிருக்கிறேன். காலி அறையில் அடித்திருக்கிறது.

மார்ச் 12, அதிகாலை

தூக்கம் வரவில்லை. தமிழ் வராது என்று முதல் நாளே சொன்னேன், அது சரியாகப் போய்விட்டது. ஆனால் நான் சொன்ன காரணம் சரியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. விளம்பரம் கொடுக்க ஆள் இல்லை என்றேன். யாருக்குத் தெரியும்? யார் கேட்டுப் பார்த்தார்கள்?

ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்று கணக்கெடுப்பதற்கு ராம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது, 2007இல் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு ஊர்களில் தேர்ந்தெடுத்த சிலரிடம் டைரி கொடுத்து, எப்போது எதைக் கேட்டோம் என்று எழுதச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஏர்போர்ட் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் டைரி எழுதுவாரா? அபார்ட்மென்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்? மார்க்கெட்டில் மூன்று மணிக்குப் பூ மூட்டை பிரிக்கிற அம்மா? டைரி நேர்மையாகத்தான் இருந்திருக்கும், அதைத் தப்பு சொல்லவில்லை. அது போகாத வீடுகளும் தெருக்களும் நிறைய இருந்தன என்றுதான் சொல்கிறேன்.

என் துண்டுச் சீட்டுகள் கடையில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. நாளைக்கு எடுத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 13

டின்னைக் கொட்டிப் பார்த்தேன். ஸ்டேஷன்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள என் சீட்டுகள் போதாது, கார் வைத்திருக்கிறவர்கள் மட்டும்தான் என்னிடம் வருகிறார்கள். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. மஞ்சள் போர்டு வண்டிகள் பலவற்றில் ஆறாவது பட்டனில் 102.5. அந்த எண்ணில் பெங்களூருவில் ஸ்டேஷனே கிடையாது. இத்தனை நாள் தப்பாகப் பதிந்தது என்று நினைத்து, புதுச் செட்டில் அதைப் போடாமல் விட்டிருக்கிறேன்.

அது தர்மபுரி.

மார்ச் 15, இரவு

102.5 பற்றி நிறைய பேர் எழுதிவிட்டீர்கள், அரூர் தம்பி முதற்கொண்டு. ஆமாம், தர்மபுரி வானொலி. ஊருக்குப் போகும்போது அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் மேட்டில் ஏறினால் மெல்ல வரும், கிருஷ்ணகிரி நெருங்கும்போது தெளிவாகும். ஊருக்குள் ஏன் வருவதில்லை என்று கேட்டவருக்கு என் பதில் இது. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிறது, நடுவில் மேடும் கட்டடமும் வந்தால் அடைபடும், அது ஒன்று. இன்னொன்று, நம் ஊர் விவித் பாரதி 102.9இல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 0.4தான். ஒரே ஊரில் தனியார் ஸ்டேஷன்களை 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று 0.8 விட்டு விட்டு வைத்திருப்பதே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கத்தான். பக்கத்தில் பலமாக 102.9 இருக்கும்போது, மலையும் மேடும் தாண்டி வருகிற 102.5 அதற்குள் அமுங்கிவிடும். மலிவு செட் என்றால் சுத்தமாகக் காணாமல் போகும், நல்ல ட்யூனர் என்றால் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் மேலேயே நூலிழை மாதிரி பிடிக்கும்.

ஒரு யோசனை, கேப் ஓட்டுகிறவர்களுக்கு. புதுச் செட் மாட்டியதும் ரேடியோ இரைகிறது, பழசே தேவலாம் என்று பலர் சொல்வீர்கள். செட்டின் பின்னால் நீல வயர் ஒன்று வரும். கூரையில் குட்டை ஏரியல் உள்ள வண்டிகளில் ஏரியலுக்குள் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும், அதற்குக் கரண்ட் அந்த நீல வயர் வழியாகத்தான் போக வேண்டும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் மஞ்சளையும் சிவப்பையும் கறுப்பையும் முறுக்கிவிட்டு நீலத்தை டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். பாட்டு ஓடும், புளூடூத் ஓடும், எஃப்.எம். மட்டும் தூரத்துக் கிணற்றிலிருந்து வருவது போலக் கேட்கும். நீலத்தைக் கொடுத்துப் பாருங்கள். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் பதிந்த ஸ்டேஷன் எல்லாம் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர் கொடைக்கானல் 100.5 இங்கே கேட்குமா என்று கேட்டிருக்கிறார். கேட்காது அண்ணா, அது எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் இவ்வளவு தூரம் வராது. நம் ஊரில் 100.1இல் அமிர்தவர்ஷினி இருக்கிறது, கர்நாடக சங்கீதமும் ஹிந்துஸ்தானியும். பசவனகுடிப் பெரியவர் ஒருவருடைய வண்டியில் ஆறு பட்டனிலும் அதையே வைத்திருந்தார். எதை அமுக்கினாலும் அதே வர வேண்டும், விரல் தேடக் கூடாது என்றார். அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 18

"ரேடியோ எதற்கு, போனில் கேளுங்கள்" என்று எழுதியவருக்கு. நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் ஆகாசவாணி ஸ்டேஷன்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன, சென்னையும் திருச்சியும் இங்கேயே கேட்கலாம், நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கேப் ஓட்டுகிறவர் போனில் மேப் ஓடும், சவாரி வரும், அழைப்பு வரும், ராத்திரி ஒரு மணிக்கு மிச்சமிருக்கும் டேட்டாவைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பார். போனிலேயே எஃப்.எம். சில்லு இருந்தால் டேட்டா வேண்டாம், ஆனால் பல போன்களில் அதை அடைத்து வைத்து விற்கிறார்கள். அடைக்காதீர்கள் என்று 2023இல் மத்திய அரசே போன் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. இருக்கிற போனிலும் ஹெட்போன் வயர்தான் ஏரியல், வயர் குத்துகிற ஓட்டையையே எடுத்துவிட்டால் எங்கே போவது?

மார்ச் 22, இரவு 11.20

நின்றுவிட்டது. இன்று பதினொரு மணிக்கு ஹிந்திப் பழைய பாட்டு. தவறான ஃபோல்டரை எடுத்துவிட்டார்கள் போல. திருத்த வேண்டியதைத்தான் திருத்தியிருக்கிறார்கள், ஒன்றும் சொல்வதற்கில்லை.

மார்ச் 23

நேற்று கோபத்தில் சுருக்கமாக விட்டுவிட்டேன். தமிழ் நின்றது எனக்கு இரண்டாவது வருத்தம்தான். அங்கே முன்பு இரவு பத்து முதல் ஒரு மணி வரை ஒரு பெண் கன்னடத்தில் பேசுவார். ஒவ்வொரு தடவையும் நான்கு இடத்தின் பெயர் சொல்வார். யஷ்வந்த்பூர் யார்டில் லாரியோடு காத்திருப்பவர்களே, விக்டோரியா ஆஸ்பத்திரியில் ஷிஃப்டில் இருக்கும் அக்காமார்களே, பீன்யாவில் மெஷின் பக்கத்தில் நிற்பவர்களே, இப்படி. ஒரு தடவை "ஜே.சி. ரோட்டில் இன்னும் ஷட்டர் மூடாதவர்களே" என்றார். கையில் சால்டரிங் அயர்ன், பல்லில் வயர், நான் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். கன்னடத்தில்தான் சொன்னார், எனக்குச் சொன்னார்.

அவரைத்தான் முதலில் நிறுத்தியிருக்கிறார்கள். இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து நான் பாட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் குரல் இல்லாததை ஒரு வரி எழுதவில்லை. தமிழ்ப் பாட்டு வந்த சந்தோஷத்தில் அவர் போனது எனக்கு உறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன்.

மார்ச் 30, உகாதி

காலை ஆறு மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அலைவரிசையும் பெயரும் பழையவைதான், ஜிங்கிள் மட்டும் புதிது. பகலில் கன்னடப் பாட்டு, புதியதும் பழையதும் கலந்து, இரண்டு பேர் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை பேச்சில்லாத பாட்டு என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள்.

என் கணிப்பில் பழைய பாட்டு என்றது பாதி சரி, ஹிந்திக்கு மாறும் என்றது பகலைப் பொறுத்தவரை தப்பு. கன்னடமாகவே இருப்பதில் எனக்கு நிம்மதி.

ஸ்டேஷனை மூடாமல் இப்படிப் பாதியாக வைத்திருப்பது ஏன் என்று ஒருவர் கேட்டார். உரிமம் மூன்றாம் கட்டத்துக்கு மாறிய பழைய ஸ்டேஷன்களுக்கெல்லாம் 2015 ஏப்ரலிலிருந்து 15 வருஷம், அதாவது 2030 வரை. அந்த உரிமத்துக்குப் பெரிய பணம் கட்டியிருக்கிறார்கள். அதே 2015 ஏலத்தில் பெங்களூருவின் ஒரே புது அலைவரிசை 95.0 நூறு கோடிக்கு மேல் போனது, சந்தையில் விலை அப்படி. கட்டிய பணத்தை எடுக்கும் வரை செலவைக் குறைத்து ஓட்டப் பார்ப்பார்கள். இரவில் ஆள் வைப்பது அவர்கள் கண்ணுக்கு வீண் செலவாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை, அதை அவர்களிடமே சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

கடிதம் எழுதினேன், கன்னடத்தில். மின்னஞ்சலில் அனுப்பாமல் தபாலில்தான் அனுப்பப் போகிறேன், கையில் பிடித்துப் படிக்கட்டும். கேட்டது இரண்டே இரண்டு. இரவு பத்து முதல் ஒரு மணி வரை ஒரு மனிதக் குரல் வேண்டும், முன்பு பேசிய அந்தப் பெண்ணே வந்தால் ரொம்ப நல்லது. ஞாயிறு இரவு பதினொன்று முதல் பன்னிரண்டு வரை தமிழ், அடுத்த மணி நேரம் தெலுங்கோ உருதுவோ யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு.

ராமநகரத்துப் பையன் ஒருவன் என்னோடு கடையில் வேலை பார்க்கிறான். என் கன்னடத்தைப் படித்துவிட்டு ஏழு இடத்தில் திருத்தினான். "கேட்டுக்கொள்கிறோம்" என்ற இடத்தில் நான் போட்டிருந்த சொல் அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கிறதாம், அதை மாற்றினான். பிறகு கீழே முதல் கையெழுத்தை அவனே போட்டான். அந்த ராத்திரிகளில் ஓடிய பாட்டில் இரண்டு அவனுக்குப் பிடித்துப்போய், அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். இதுவரை பதினெட்டுக் கையெழுத்து. டீக்கடைக்காரர், மாடியில் சீட் கவர் தைக்கும் இரண்டு பேர், எதிர்க்கடை சேட், அந்தப் பசவனகுடிப் பெரியவர். பெரியவர் தனக்கு அமிர்தவர்ஷினி போதும், ஆனாலும் போடுகிறேன் என்றார்.

ஒயிட்ஃபீல்டு தம்பி, வியாழக்கிழமை வரைக்கும் தபாலில் போடாமல் வைத்திருக்கிறேன். மினர்வா சர்க்கிள் பக்கம் சவாரி வந்தால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வண்டியையும் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள், நீல வயரைப் பார்த்துவிட்டு ஆறாவது பட்டனில் 102.5 போட்டுத் தருகிறேன்.